குட்டிம்மா கட்டிய வீடு

"சும்மா அளக்கிறான்" என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். முன்பு நானும் அப்படிச் சிரித்தவன்தான். ஆனால் இதில் ஒரு வரிகூட என் கற்பனை இல்லை. நடந்த நேரம்கூட எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

பழைய கையடக்க வீடியோ கேம்களைப் பழுது பார்ப்பது என் தொழில். ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத சின்னக் கடை. அன்று வியாழக்கிழமை. மதியம் ஒரு லாரி டிரைவர் வந்தார். மலை மாதிரி ஆள். கையில் மட்டும் தீப்பெட்டி அளவில் ஒரு கேம் கேட்ரிட்ஜ், கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றியிருந்தது.

"தங்கச்சியோடது தம்பி. குட்டிம்மான்னு கூப்பிடுவோம். பதிமூணு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. இதுக்குள்ள அவ கட்டின வீடு இருக்கு. அவளோடதுன்னு என்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

வீடு கட்டி விளையாடும் பழைய கேம் அது. நாம் கட்டியதையெல்லாம் கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரிதான் காப்பாற்றி வைத்திருக்கும். அது செத்தால் எல்லாம் அழிந்துவிடும். அந்தப் பயத்தில் புது பேட்டரி போட வந்திருந்தார்.

"வீடு போயிடாதே?"

"என்னண்ணே நீங்க? கண்ணை மூடிட்டே செய்வேன். ஆறு மணிக்கு வாங்க."

வாய்க்கொழுப்பு. வேறென்ன சொல்வது?

மணி 2:10. கேட்ரிட்ஜைச் செருகி ஆன் செய்தேன். சிவப்பு ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஏழு பூமரங்கள். வாசலில் ஒரு குட்டிப் பெண் பொம்மை. வழக்கம்போல் திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

பேட்டரியைக் கழற்றும் முன் உள்ளே இருப்பதை லேப்டாப்பில் நகல் எடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. எங்கள் தொழிலில் இதுதான் முதல் பாடம். நான் எடுக்கவில்லை. என் மகள் சிட்டுவிடம் அன்று சீக்கிரம் வருவதாகச் சொல்லியிருந்தேன். அவளுக்கு ஐந்து வயது. நான் வீட்டுக்குள் காலை வைத்தால் நூறு தடவை "அப்பா" என்பாள். அந்த அவசரத்தில் நேராகச் சால்டரிங் கோலை வைத்து பேட்டரியை எடுத்துவிட்டேன்.

எடுத்த பேட்டரியை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம். உப்புப் பூத்து, செத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தது. அப்படியென்றால் அந்த வீடு எப்போதோ அழிந்திருக்க வேண்டும். ஆனால் பத்து நிமிடம் முன்பு என் கண்ணால் பார்த்தேனே...

புது பேட்டரி போட்டு ஆன் செய்தேன். வீடு இல்லை. பெண் இல்லை. வெறும் திரை.

எனக்கு வியர்த்துவிட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் புத்தி வேறு பக்கம் ஓடியது. அதே கேமைச் சமீபத்தில் மறுபடி வெளியிட்டிருந்தார்கள். புதுக் கருவியில் வேகத்தைக் கூட்டி விளையாடலாம். போனில் இருக்கும் படத்தைப் பார்த்து அதே வீட்டைக் கட்டி, பழைய கேட்ரிட்ஜில் ஏற்றிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

கேம் தொடங்கியதும் பெண் பொம்மைக்குப் பெயர் கேட்டது. 'குட்டிம்மா' என்று போட்டேன். செத்துப்போன பெண்ணின் பெயரில் போலி வீடு கட்டினேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

3:40. ஏழாவது பூமரத்தை நட்டேன்.

டொக்... டொக்...

கருவியிலிருந்துதான் சத்தம். ஆனால் ஒலியை நான் முன்பே பூஜ்யத்தில் வைத்திருந்தேன்.

பொம்மையை வாசலுக்கு நகர்த்தப் பார்த்தேன். நகரவில்லை. எந்தப் பக்கம் அழுத்தினாலும் எனக்கு முதுகைக் காட்டியே நின்றது.

டொக்... டொக்... டொக்...

மெதுவாகத் திரும்பியது. என்னைப் பார்த்தது. நான் பட்டனிலிருந்து கையை எடுத்திருந்தேன்.

கீழே எழுத்துகள் வந்தன.

"இது என் வீடு இல்லை."

அணைக்கும் பட்டனை அழுத்தினேன். அணையவில்லை.

"என் வீட்டை அழிச்சுட்டே."

மறுபடி அழுத்தினேன்...

"உன் வீட்டுக்கு வர்றேன்."

பெண் காணாமல் போனாள்.

3:52. போன் அடித்தது. மனைவி.

"ஏங்க... சிட்டு தூங்கிட்டு இருந்தா. திடீர்னு எழுந்து வந்து, 'இது யார் வீடு'ன்னு கேக்கறா."

"கனவு கண்டிருப்பா."

எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

கட்டிய வீட்டைப் பழைய கேட்ரிட்ஜில் ஏற்றி முடித்தேன். ஆறு மணிக்கு டிரைவர் வந்துவிட்டார். அவர் முன்னால் கேட்ரிட்ஜை ஆன் செய்யும்போது என் உயிர் என்னிடம் இல்லை. வீடு வந்தது. வாசலில் ஒரு பெண் பொம்மையும் நின்றது. கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. நான் உற்றுப் பார்க்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். கேட்ரிட்ஜை அதே கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்துவிட்டேன்.

அன்று இரவு வீட்டுக்குப் போனேன். சிட்டு ஓடி வரவில்லை. மூலையில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். ஒரு வாரம் ஆயிற்று. ஒரு தடவைகூட அவள் என்னை "அப்பா" என்று கூப்பிடவில்லை. "நீங்க லேட்டா வந்த கோபம்" என்றாள் மனைவி. நானும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலை 9:05. நான் வீட்டில்தான் இருந்தேன். டிரைவர் போன் செய்தார்.

"தம்பி, வீடு அப்படியேதான் இருக்கு. ஆனா வாசல்ல நிக்கறது குட்டிம்மா இல்ல. வேற ஏதோ சின்னப் பொண்ணு. கதவைத் தட்டிக்கிட்டே இருக்கு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எந்த பட்டனை அழுத்தினாலும் ஒரே வார்த்தைதான் வருது. 'அப்பா'ன்னு."

"அண்ணே..."

"பாக்கவே பயமா இருக்கு தம்பி. அழிச்சிடட்டுமா?"

"வேண்டாம்! அண்ணே, அழிச்சிடாதீங்க!" என்று கத்தினேன்.

பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. திரும்பினேன்.

சிட்டு.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அழிக்கச் சொல்லுங்க," என்றாள். "நீங்க என்னோடதை அழிச்சீங்கல்ல?"