தூங்கி எழுந்த வண்டிக்குத் தொண்ணூற்றாறு டிகிரி

நிதானம் என்று சொன்னால் அந்தப் பக்கத்து டாக்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர், ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. அப்படிப்பட்ட மனுஷன் லாரியை ஓரமாக நிறுத்தி, கீழே இறங்கி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எவனோ ஒரு அவசரக் குடுக்கை வந்து மோதினான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. சொல்லும்போதே ஆத்திரம் வருகிறது, என்ன செய்வது.

கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். லாரி முடிந்தது. ஒரு வருஷம் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூட யாராவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவர் மனைவிதான் ஊரெல்லாம் விசாரித்து, கைமாறி வந்த ஒரு பழைய ஆட்டோமேடிக் காரைப் பிடித்தாள். அதில் கிளட்ச் கிடையாது, வலது கால் ஒன்றே போதும். "சுவரைப் பார்த்தது போதும், எந்திரிங்க" என்று சாவியை மடியில் போட்டாள். அன்றிலிருந்து அவர் மறுபடியும் டிரைவர். ஐந்து வருஷமாக வண்டியைக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

அந்த வண்டிதான் ஏழு வாரத்துக்கு முன் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் ஓடினால் போதும், கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, நிறுத்து என்று மீட்டரில் எழுத்து வரும். வண்டி மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்டு முக்கும், முனகும். பயணிகளை நடுவழியில் இறக்கிவிட வேண்டியதாகி, அவர் கூனிக் குறுகிப் போனார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர் எண்ணெயை மாற்றினார்கள். இன்னொன்றில் எண்ணெயைக் குளிர வைக்கும் குழாய்களைச் சுத்தம் செய்தார்கள். மூன்றாவது ஆள் உதட்டைப் பிதுக்கினார். "உள்ள எல்லாம் தேஞ்சு போச்சு, அதான் சூடேறுது. கியர்பாக்ஸையே மாத்தணும்." அதற்கு ஆகும் செலவில் அதே மாதிரி இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம்.

மைத்துனன் சும்மா இருப்பானா? "வித்துடுங்க மாமா, அப்புறம் காயலான் கடைக்காரன்கூட வாங்க மாட்டான்" என்று ஒரு ஆளையும் பிடித்துவிட்டான். சனிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு.

வியாழக்கிழமை சாயங்காலம், டாக்சிக்கார நண்பர் ஒருவர் பிடித்துத் தள்ளாத குறையாக நிதானத்தை டெஸ்டர் அக்காவிடம் அனுப்பினார். டயர் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒயரிங் ஷெட் அவளுடையது. கரண்டு பார்க்கிற டெஸ்டர் எந்நேரமும் காதில் செருகியிருக்கும், அதனால் அந்தப் பெயர். யார் எதைச் சொன்னாலும் நம்பாத பிறவி.

"கியர்பாக்ஸ் சூடா இருக்குன்னு யாரு சொன்னா?" என்றாள்.

"வண்டிதாம்மா சொல்லுது."

"வண்டிக்கு என்னண்ணே தெரியும்? கியர் எண்ணெய்க்குள்ள சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சென்சார் கிடக்கு. அது சொல்றதத்தான் வண்டி நம்புது. அது புளுகினா?"

"எல்லாரும் சூடு காட்டுற மெஷின் போட்டுப் பார்த்தாங்களே?"

"எப்ப பார்த்தாங்க? நீங்க ஓட்டிட்டுப் போய் நிறுத்தினதும்தானே? ஓடி வந்த வண்டி சூடாத்தான் இருக்கும். ராத்திரி பூரா நின்ன வண்டியில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பார்க்கணும். என்ஜின் தண்ணி, வெளிக்காத்து, கியர் எண்ணெய், மூணும் ஒரே சூட்டுல இருக்கணும். விட்டுட்டுப் போங்க. காலையில எட்டு மணிக்கு வர்றேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

யாரும் என்றால் தானும்தான் என்று நிதானத்துக்குத் தோன்றவே இல்லை! லாரியில் காற்று பிரேக். காற்று நிறைந்து மீட்டர் முள் மேலே ஏறும்வரை வண்டியை எடுக்கவே முடியாது. இருபத்திரண்டு வருஷமும் காலையில் என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்த மனுஷன், காருக்கும் அதே மரியாதையைத்தான் செய்து வந்தார். தினமும் பதினைந்து நிமிஷம்.

வெள்ளிக்கிழமை டெஸ்டர் அக்கா வந்தபோது கார் சுகமாக உறுமிக்கொண்டிருந்தது. நிதானம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"நீங்க காத்திருக்க வேணாமேன்னு சூடு பண்ணி வெச்சேன் தங்கச்சி. இன்னொரு சாவி எங்கிட்ட இருந்துச்சு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "மத்த ஒர்க்‌ஷாப்புக்கும் இப்படித்தான் சூடு பண்ணிட்டுப் போனீங்களா?" என்று கேட்டாள்.

"பின்ன? பச்சைத் தண்ணியா இருக்கிற வண்டியவா எடுத்துட்டுப் போவாங்க?"

"அதான் ஒருத்தர் கண்ணுலயும் படல. நீங்களே போர்வை போட்டு மூடி மூடிக் கொண்டுபோயிருக்கீங்க." சிரிப்பதா திட்டுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்தாள். "இன்னொரு ராத்திரி வேணும்."

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க ஆள் வருதும்மா."

"வரட்டும், இங்கேயே வரச் சொல்லுங்க. இப்ப சாவியக் குடுங்க. அந்த இன்னொன்னையும் சேர்த்து!"

வீட்டுக்குப் போனால், மனைவி வியாழக்கிழமையே காரிலிருந்து எடுத்து வைத்திருந்த முதுகுத் தலையணையும் துடைக்கும் துணிகளும் ஒரு பையில் கட்டிக் கிடந்தன. மறுபடி அந்தக் கட்டில், அந்தச் சுவர். சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஏழு மணிக்கே போய், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்திருந்தார். அவள் வந்து மெஷினை வண்டியில் செருகினாள். என்ஜின் தண்ணீர் இருபத்துநான்கு. வெளிக்காற்று இருபத்துநான்கு. கியர் எண்ணெய் தொண்ணூற்றாறு.

"பாருங்கண்ணே இந்தக் கூத்த! ராத்திரி பூரா தூங்கின வண்டி, கொதிக்குதாம்!"

"அப்ப கியர்பாக்ஸ்?" என்று டயரிலிருந்து எழுந்தார்.

"இருங்க, ஒயரும் புளுகலாம்." வண்டிக்கு அடியில் படுத்து இணைப்பைக் கழற்றினாள். மெஷினில் எண் சடாரென்று மைனஸ் நாற்பதுக்கு விழுந்தது. "கழட்டினா இப்படித்தான் விழணும். அப்ப ஒயரும் வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டரும் யோக்கியம்."

எண்ணெயை வடித்து, அடித்தட்டைக் கழற்றி, சென்சாரை வெளியே எடுத்தாள். அதை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் போட்டு மீட்டரை வைத்தாள். கொதிக்கப் போகும் தண்ணீரில் காட்ட வேண்டிய கணக்கை அது கூசாமல் காட்டியது. எதையும் நம்பாத அவளும் அப்போதுதான் நிமிர்ந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்திருந்த புது சென்சாரைத் தம்ளரில் போட்டாள். அது உள்ளதை உள்ளபடி சொன்னது.

"இங்க வாங்கண்ணே." வடித்த எண்ணெயை விரலால் தொட்டுக் காட்டினாள். சிவப்பாக, தெளிவாக இருந்தது. தீய்ந்த வாடை துளியும் இல்லை. தட்டிலிருந்த காந்தத்தில் இரும்புத் தூள் மெல்லிசாகப் பூசியது போல, அவ்வளவுதான். "தேஞ்சுபோன பெட்டிக்குள்ள இப்படியா இருக்கும்? உங்க கியர்பாக்ஸுக்கு ஒரு கேடும் இல்ல. இப்படிப் பார்த்துக்கிட்ட ஆள நான் கண்டதே இல்ல."

ஏழு வாரமாக, தான்தான் ஓட்டி ஓட்டி வண்டியைக் கெடுத்துவிட்டோம் என்று மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தவர் அவர். வயிற்றில் பால் வார்த்தாள் மகராசி. அவள் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அய்யோ, கையெல்லாம் எண்ணெய்ண்ணே!"

"இருக்கட்டும்மா. நீ நல்லா இருக்கணும். உன் கை நல்லா இருக்கணும்." கண்ணீரும் எண்ணெயுமாக முகம் அலங்கோலமாயிற்று. அதைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

அவள் புது சென்சாரைப் பொருத்தி, எண்ணெயை நிரப்பி அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது வாங்க வந்தவர் வந்து சேர்ந்தார். பஸ்ஸில் வந்திருந்தார், திரும்பும்போது இந்தக் காரிலேயே போவதாக உத்தேசம். கக்கத்தில் ஒரு புது ஸ்டியரிங் உறைகூட இருந்தது. விற்பதாக இல்லை என்றதும் அவர் முகம் தொங்கிவிட்டது. "காலங்காத்தால எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கேன், தெரியுமா?" என்று பொரிந்தார். நியாயந்தானே.

"எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று டெஸ்டர் அக்கா இடையில் புகுந்தாள்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல."

"நல்லதாப் போச்சு. அண்ணே, ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்தாத்தான் எனக்கு நம்பிக்கை வரும்."

நிதானம் பின்கதவைத் திறந்து பிடித்தார். "ஏறுங்க சார், உங்க வீட்டு வாசல்லயே கொண்டுபோய் விடறேன். காசெல்லாம் வேணாம்." வந்தவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார்.

கிளம்புமுன் நிதானம் வீட்டுக்குப் போன் போட்டார்.

"குடுத்தாச்சா?" என்றாள் மனைவி.

"இல்ல. சவாரி வந்திருக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியதிலிருந்து அவள் வாயில் வராமலே போயிருந்த ஒரு பேச்சு, அழுகையோடு சேர்ந்து வந்தது.

"போயிட்டு வாங்க."