வழுக்காத குழாயடி

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் எங்கள் சந்துக்கு இருபத்திரண்டு வீடுகள், ஒரே குழாய். காலையில் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் வரும். குழாயடியில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது முகத்திலோ கையிலோ காயம் தெரிந்தால், "என்னாச்சு?" என்று ஒருமுறை கேட்க வேண்டும். கேட்காமல் இருப்பது மரியாதை இல்லை. இரண்டாம் முறை கேட்பதும் மரியாதை இல்லை.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் அந்த ஒரு கேள்வியை அடிக்கடி கேட்க வேண்டியிருந்தது. பதிலும் ஒன்றுதான்: "குழாயடில வழுக்கிட்டேன்."

நான் ஒரு தமிழ்ப் பேப்பரில் நிருபர். மாலை நான்கு மணிக்கு வேலைக்குப் போனால் சந்து தூங்கிய பிறகுதான் திரும்புவேன். ஆகவே சந்தில் மாலையில் நடப்பது எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் தொழில் தெரியும். ஒரே இடத்தில் ஒரே விபத்து மூன்று முறை நடந்தால் அதில் செய்தி இருக்கிறது. நான்காம் முறை அவள் உதடு வீங்கி நின்றபோது நோட்டை எடுத்தேன். குழாயடிப் பாசியை அளந்தேன். இரண்டு அடிக்கு மூன்று அடி இருந்தது. மறுவாரம் உள்ளூர்ப் பக்கத்தில் வந்துவிட்டது: 'பாசி படர்ந்த குழாயடி, பெண்கள் அவதி.'

மனைவியிடம் காட்டினேன். படித்து முடித்து, மடித்து வைத்தாள்.

"நல்லா எழுதியிருக்கிய. பாசியோட அளவுகூட போட்டிருக்கு."

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் கணவர் தாராவியில் தோல்பை செய்யும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். எங்கள் சந்துக் கமிட்டிக்குச் செயலாளரும் அவர்தான். எதிரில் வந்தால் ஒதுங்கி வழி விடுவார். பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"பேப்பர்ல வந்த பொறவு சும்மா இருக்கலாமா அண்ணாச்சி? நம்ம சந்துக்கு அவமானமில்லா?"

இரண்டு நாள் லீவு போட்டு, கொத்தனார் பக்கத்திலேயே நின்று குழாயடிக்கு சிமெண்ட் போட வைத்தார். ஈரம் காய்வதற்குள் விளக்குமாற்றுக் குச்சியை வாங்கித் தானே கோடு இழுத்தார். "ஆழமா இருக்கணும். நம்ம வீட்லதான் அடிக்கடி விழுதா" என்று கொத்தனாரிடம் சொன்னதை நானே கேட்டேன். திறப்பு அன்று தேங்காய் உடைத்ததும் அவர்தான். கமிட்டியின் வாட்ஸ்அப்பில் படம் வந்தது. அவர் மனைவி பின்வரிசையில், முந்தானையால் ஒரு கன்னத்தை மூடிக்கொண்டு நிற்கிறாள். வெயில் அதிகம் என்று நினைத்தேன்.

அவர்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். இந்திப் பள்ளிக்கூடம், தமிழை எழுத்து எழுத்தாகத்தான் படிப்பாள். என் வார விடுமுறை நாட்களில், "மாமா, பழைய பேப்பர் இருக்கா?" என்று வந்து உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் பரணிலிருந்து பேப்பர்க் கட்டை எடுக்கக் கையை உயர்த்தினேன். அவள் சட்டென்று தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தூசிக்குப் பயமா?" என்று கேட்டேன்.

"ஆமா மாமா" என்றாள். மரியாதை தெரிந்த குழந்தை.

அவள் வரும் நாட்களில் எதிர்வீட்டு வாசலில் அவள் அப்பாவின் செருப்புகள் திசைக்கொன்றாகக் கிடக்கும் என்பதை என் மனைவி பிறகு சொன்னாள். செருப்பு ஒழுங்காக இருந்தால் குழந்தைக்குப் பேப்பர் தேவைப்படாது.

சிமெண்ட் போட்டு மூன்று வாரம் இருக்கும். காலை. வரிசையில் வாளியோடு நானும் நின்றேன். அந்தப் பெண் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். கண்ணுக்குக் கீழே நீலம். பின்னால் சின்னக் குடத்தோடு மகள்.

வழக்கப்படி என் மனைவி கேட்டாள். "என்னாச்சு?"

"வழுக்கிட்டேன் மைனி."

வரிசையில் இருந்த எல்லாத் தலைகளும் குனிந்து தரையைப் பார்த்தன. அந்தச் சொரசொரப்பில் தேங்காய் துருவலாம்.

மகள் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். ரகசியமாகத்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது.

"இங்கன வழுக்காதும்மா. அப்பாதான் கோடு போட்டாவல்லா. வேற எடம் சொல்லு."

யாரோ சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள். குழந்தைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"டீச்சர் கேட்டா நானும் அதத்தான் சொல்லணும். அதான் கேக்கேன்."

டீச்சரிடம் இதுவரை அவளும் அதே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறாள் என்று அப்போது விளங்கியது. அம்மாவுக்கும் அப்போதுதான் விளங்கியது என்று முகம் சொன்னது.

என் மனைவி வழக்கத்தை மீறினாள். இரண்டாம் முறை கேட்டாள். "ஏட்டி, எங்க விழுந்த?"

அந்தப் பெண் மகளைப் பார்த்தாள். பிறகு குடத்தைக் கீழே வைத்தாள்.

"விழல மைனி. அடிச்சாவ."

தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது காலிக் குடத்தை வைத்துவிட்டு ஒரு பெண் வரிசையை விட்டுப் போனதை எங்கள் சந்து அன்றுதான் பார்த்தது. அந்தக் குடத்தை நிரப்பி வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. அதை நான் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இப்படி வரும் பெண்களோடு பேசுவதற்கென்று ஓர் அறை இருக்கிறது. என் மனைவி கூடப் போனாள். நானும் கிளம்பினேன். கதவருகே நிறுத்திவிட்டாள்.

"நீங்க வெளிய நில்லுங்க. உள்ள அளக்க ஒண்ணும் இல்ல."

மதியம் அவள் கணவர் என் வீட்டுக்கு வந்தார். வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தார்.

"அண்ணாச்சி, இது பேப்பர்ல வராதில்லா?"

அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல ஒதுங்கியே போனார்.

இப்போது அவள் மகளோடு கோவண்டியில், அக்காள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கிறாள். வழக்கு நடக்கிறது. எங்கள் குழாயடி இன்னும் தேயவில்லை. கேம்ப்பிலேயே சிறந்த குழாயடி என்று வேறு சந்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போன ஞாயிறு நாங்கள் கோவண்டி போயிருந்தோம். நல்ல புழுக்கம். ஃபேன் போட எழுந்து சுவிட்சுக்குக் கையை உயர்த்தினேன். பக்கத்தில் இருந்த சிறுமியின் கழுத்து பாதி உள்ளே போய், நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஃபேனுக்குத்தானே மாமா?"

"ஆமா."

"அப்ப சொல்லிட்டுக் கையத் தூக்குங்க."

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்று முழுவதும் அந்த வீட்டில் ஒவ்வொன்றையும் அறிவித்துவிட்டுத்தான் கையை உயர்த்தினேன். கொடியிலிருந்து துண்டை எடுப்பதற்குக்கூட.