இருபத்திரண்டு கிணறும் ஒரு பிடி நெய்ச்சோறும்

பித்தப்பை எடுத்த முப்பத்தைந்தாம் நாள் ராமேஸ்வரம் போனேன். நானாக ஆசைப்பட்டுப் போகவில்லை. நான் மயக்கத்தில் கிடந்தபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பேரில் நேர்ந்துவிட்டார்கள். இது 2009 பிப்ரவரியில் நடந்தது. வெயில் ஏறாத மாதம் என்பதால் வயிற்றில் தையல் உள்ளவர்களுக்கும் தோதான காலம்தான்.

அறுவை மதுரையில். ஒரு மணி நேரத்தில் முடியும் என்றார்கள், நாலு மணி நேரம் ஆனது. துளை போட்டு எடுக்க முடியாமல், ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத்தான் எடுத்தார்கள். அந்த நாலு மணி நேரமும் வாசலில் நின்றவர்கள் என் பள்ளி விடுதி நண்பர்கள் இருவர். முருகேசன் கடலாடி தாலுகா ஆபீசில் கிளார்க். சீனி கீழக்கரையில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறான். பயத்தில் முருகேசன் ராமநாதசாமியிடம், என்னைக் கூட்டிவந்து இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வைப்பதாக வேண்டிக்கொண்டான். சீனியும் ஏர்வாடி தர்காவுக்கு ஏதோ நேர்ந்திருந்தான். என்னவென்று கேட்டால், "அங்கன போயி சொல்றேன்" என்று நழுவினான்.

என் கவலை வேறு. இன்னும் பன்னிரண்டு நாளில் ஷார்ஜாவுக்கு விமானம். அங்கே கிரேன் ஓட்டுகிறேன். தொழிலாளர் முகாம் மெஸ்ஸில் எண்ணெய் மிதக்காத குழம்பே கிடையாது. நானோ இருபதாம் நாள் ஆசைப்பட்டு ஒரு உளுந்த வடையைத் தின்று, பொழுது முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவன். அன்றிலிருந்து இட்லியும் கஞ்சியும் தவிர எதையும் தொடவில்லை. "கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க, உடம்பு ஏத்துக்கும்" என்றார் டாக்டர். அவர் வயிறா அது? ஏழு கிலோ இறங்கியிருந்தேன். இந்தத் தெம்பை வைத்துக்கொண்டு கிரேன் ஏணியில் பாதிகூட ஏற முடியாது. ஏற முடியாதவனுக்கு அங்கே வேலையும் இல்லை.

ராமநாதபுரத்திலிருந்து காலை 5.40க்குப் புறப்பட்டோம். ஓம்னி வேன், பெட்ரோலோடு நாள் வாடகை 1,100 ரூபாய். என் மடியில் பூப்போட்ட உறை மாட்டிய தலையணை. இருமினாலும் சிரித்தாலும் அதை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொள்ள வேண்டும் என்பது நர்ஸ் சொல்லிக்கொடுத்த பாடம். டிரைவர் காளிமுத்து அரை மணி நேரத்தில் தேறிவிட்டார். "அண்ணே, ஸ்பீடு பிரேக்கர் வருது, தலவாணியப் புடிங்க" என்று ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுத்தார். பாம்பன் பாலத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தி ரயில் பாலத்தைப் பார்த்தோம். ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

தீர்த்தச் சீட்டு ஆளுக்கு 25 ரூபாய். வாளிக்காரர் கிணற்று விளிம்பில் ஏறி நின்று இறைத்து, தலையில் ஊற்றுவார். என் தையலின் ஒரு முனை இன்னும் ஆறவில்லை, ஈரம் படக்கூடாது. விவரத்தைச் சொன்னதும் வாளிக்காரர், "நேந்தது யாரு?" என்று கேட்டார்.

"நாந்தான்" என்றான் முருகேசன்.

"அப்ப நீங்களே குளிங்க சார். அவரு தலைல நாலு சொட்டுத் தெளிச்சுக்கிட்டாப் போதும்."

முருகேசன் விடுதியிலேயே வெந்நீர் இல்லாவிட்டால் குளிக்காதவன். முதலில் கடலில் ஒரு முழுக்கு, அப்புறம் கிணறு கிணறாக இருபத்திரண்டு. ஒவ்வொரு வாளிக்கும் "யாத்தே!" என்று அலறினான். நான் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவன் துண்டையும் வேட்டியையும் சுமந்து பின்னால் நடந்தேன். என் கோலத்தைப் பார்த்த ஒரு வடநாட்டு அம்மா, தன் குடும்பத்துத் துணிப்பையையும் என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். வெளியே எங்களுக்காகக் காத்திருந்த சீனி அதைக் கேட்டு, உருண்டு உருண்டு சிரித்தான். எனக்குத் தலையணை போதவில்லை.

காலை உணவு எனக்கு மட்டும் இரண்டு இட்லி, சட்னி இல்லாமல். பத்தரைக்குக் கிளம்பினோம். ராமநாதபுரம், கீழக்கரை வழியாக ஏர்வாடி எண்பத்து மூன்று கிலோமீட்டர். கீழக்கரையைத் தாண்டும்போது சீனி வாயைத் திறந்தான். தர்காவில் பத்துப் பேருக்கு நெய்ச்சோறு போடுவதாக நிய்யத்து வைத்திருக்கிறானாம். அதில் முதல் பிடி நான் சாப்பிட வேண்டுமாம்.

வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"ஏலே, பித்தப்பைய எடுக்கயில நெய்ச்சோத்த நேந்தவன் ஒலகத்துலயே நீ ஒருத்தந்தாம்ல" என்றான் முருகேசன்.

"வாசல்ல நிக்கிறப்ப ருசியானதத்தான் நேர முடியும். கஞ்சிய நேந்தா தர்காவுல அடங்கியிருக்க அவ்லியா என்னய என்ன நெனப்பாக?" என்றான் சீனி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. திரும்ப வலித்தால் என் வேலையை உங்கள் நேர்த்திக்கடனா காப்பாற்றும் என்று கத்தினேன். சீனி பதிலுக்குக் கத்தவில்லை. "அங்க மெஸ்ஸுல ஒனக்கு யாரு மாப்ள இட்லி அவிப்பா? வலிக்கிறதா இருந்தா இங்கனயே வலிச்சுட்டுப் போகட்டும். நாங்க ரெண்டு பேரு இருக்கோம்ல" என்றான். காளிமுத்து என்னைக் கேட்காமலே வண்டியை எடுத்தார்.

ஏர்வாடியில் ஃபாத்திஹா ஓதி முடித்ததும் பாய் விரித்தார்கள். கீழக்கரைப் பக்கம் சஹன் சாப்பாடு. மூன்று நான்கு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. சீனி நேர்ந்த பத்துப் பேருக்கு வேறு தட்டுகள், எங்கள் மூவருக்கும் ஒரு தட்டு. நெய்ச்சோறு பளபளவென்று இருந்தது, மேலே தால்ச்சா என்கிற பருப்புக் குழம்பு. நான் கை வைக்காமல் அவர்கள் கை வைக்கமாட்டார்கள். மணி ஒன்று பத்து. இருபத்திரண்டு கிணற்றில் நனைந்தவன் பசியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு பிடி எடுத்துத் தின்றேன். மென்றதும் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த வடைக்கு அப்புறம் முதல் ருசி.

அப்புறம் காத்திருந்தோம். வடைக்கு வலி வர முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. சீனி கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் என் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தான். ஒன்று ஐம்பதுக்கு, "என்னமோ பண்ணுது" என்று ஒரு குரல். என்னுடையது இல்லை, முருகேசனுடையது. தொடர்ந்து பதினோரு தும்மல் போட்டான். நேர்ந்தவனுக்கு ஜலதோஷம், நோயாளிக்கு ஒன்றுமில்லை. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத் தலையணையைத் தேடினால், அது வேனிலேயே கிடந்தது. தையல் லேசாகச் சுள்ளென்றது, அவ்வளவுதான். இரண்டரை மணிக்கு நானே கேட்டு இன்னொரு பிடி வாங்கித் தின்றேன்.

என்னைப் போல வயிற்றைக் கிழித்துக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு: டாக்டரிடம் கேட்காமல் போகாதீர்கள். தீர்த்தக் கிணறுகளைச் சுற்றி ஈரக் கல் வழுக்கும். தலையணை வெட்கப்பட வேண்டிய பொருள் இல்லை. பயந்து ஒதுக்கிவைத்த சோற்றை டாக்டர் அனுமதித்த பிறகும் தனியாக உட்கார்ந்து ஆரம்பிக்காதீர்கள்.

ஷார்ஜா வந்த முதல் நாள் மெஸ்ஸில் எண்ணெய் மிதக்கும் கறிக்குழம்பு. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சீனிக்குப் போன் போட்டேன்.

"சாப்புடு மாப்ள, போன வச்சுறாத. நான் லைன்லயே இருக்கேன்" என்றான்.

சாப்பிட்டேன்.