முன்வாசல் வழியாக

தஞ்சாவூரில் ராஜாக்களின் தோட்டமாக இருந்து, பிறகு ஊருக்கே பூங்காவாகிப்போன இடம் அது. காலையில் நடக்கப் போகும்போது அந்த அம்மாவைப் பார்ப்பேன். அறுபது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சேலை, காலில் வெள்ளை ஷூ. பஸ்ஸை விட்டு இறங்கினால் பக்கத்திலேயே பின்வாசல். ஆனால் அவர் மதிலைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குத்தான் வருவார்.

ஒருநாள் முன்வாசல் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்துச் சும்மா சாத்தி வைத்திருந்தார்கள். பின்வாசல் வழியாக வந்த நான் உள்ளே நின்றேன். அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“பின்னாடி தெறந்திருக்கும்மா. அப்படி வந்துடுங்க,” என்றேன்.

“தெரியும் சார். எங்க பாட்டன் பூட்டனெல்லாம் இந்தத் தோட்டத்துக்கு எருக்கூடை சுமந்தவங்க. அவங்களுக்குப் பின்வாசல்தான். முன்னாடி தலை காட்டக் கூடாது. இப்ப இது யாரு தோட்டம்?”

“எல்லாருக்கும் பொதுதாம்மா.”

“அப்பறம் என்னைய ஏன் பின்னாடி போகச் சொல்றீங்க?”

காவலாளி ஓடிவந்தார். “பெயிண்ட் காயலம்மா, கொஞ்சம் பொறுங்க!”

“பொறுத்ததெல்லாம் போதும் தம்பி,” என்றவர், கம்பிகளுக்கு நடுவிலிருந்த தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

வாசலில் பூங்காவின் வரலாற்றைச் சொல்லும் பலகை இருக்கிறது. அதில் வரிசையாக ராஜாக்களின் பெயர்கள். அதை ஒருமுறை படித்ததோடு சரி. பக்கத்துக் கதவில் காய்ந்து கிடக்கும் அந்த ஐந்து விரல்களைத்தான் தினமும் நின்று பார்க்கிறேன்.