கேசரிக்குப் பின் ஜெர்மன் ஒயின்

ரயில் டெல்லி ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தை அடைந்தபோது மூன்றேகால் மணி நேரம் தாமதம். ஜனவரிப் பனிமூட்டம். திண்டுக்கல்லில் ஏற்றிய உருப்படிகள் ஐந்து. இறக்கிய பிறகு இரண்டு தடவை எண்ணினேன். துவாரகாவில் மகள் வீட்டுக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், டாக்ஸிக்கு அறுநூற்று இருபது ரூபாய். அந்தக் குளிரிலும் ஓட்டுநர் ஜன்னலை இறக்கியே வைத்திருந்தார். மூடச் சொன்னேன்.

“மூடினா கண்ணாடியில ஆவி படியும் அங்கிள், ரோடு தெரியாது” என்றார் இந்தியில். இருமிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

என் மகள் கோகிலா வெளிநாட்டு ஒயின்களை வரவழைத்து ஓட்டல்களுக்கு விற்கும் நிறுவனத்தில் இருக்கிறாள். ஊரில் கேட்பவர்களிடம் ‘இறக்குமதி’ என்பதோடு நிறுத்திக்கொள்வேன். ஜெர்மன் ஒயின்கள் அவள் பொறுப்பு. மறுநாள் கிரேட்டர் கைலாஷில் ஓர் உணவக முதலாளிக்கு மூன்று பாட்டில்களைச் சுவைக்கக் கொடுக்கவேண்டும்.

“மூணையும் மெனுவுல போட்டாத்தான் ஜெர்மன் செக்‌ஷன் இருக்கும்ப்பா. இல்லாட்டி என் சீட்டும் போச்சு” என்றாள்.

அன்று மாலை வீட்டில் ஒத்திகை. மூன்றும் ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்தவை, மோசெல் ஆற்றங்கரையிலிருந்து வந்தவை. முதலாவதில் இனிப்பே கிடையாது; அது இஞ்சி போட்டு வேகவைத்த சீன மீனுக்கு. அரை இனிப்பானது தாய்லாந்துப் பச்சைக் குழம்புக்கு. நல்ல இனிப்பானது செட்டிநாட்டு இறால் வறுவலுக்கு. காரம் ஏற ஏற ஒயினின் இனிப்பும் ஏறவேண்டுமாம். இந்த வரிசை மாறக்கூடாது என்று மூன்று தடவை சொன்னாள்.

எனக்கும் ஒரு மடக்கு கொடுத்தாள். எழுபத்திரண்டு வயதில் முதல் மடக்கு. யார் வாய் வைத்த கிளாஸோ என்று அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன்.

“ஐயோ அப்பா, இதென்ன பானகமா? உதட்டுல வச்சு, மூக்க உள்ள விட்டுக் குடிக்கணும்!”

மூக்கை விட்டேன். பச்சை ஆப்பிள் வாசனை வந்தது. கூடவே மண்ணெண்ணெய் போலவும் கொஞ்சம் இருந்தது. அதுவும் நல்ல லட்சணம்தான் என்றாள். நம்பவில்லை.

மறுநாள் காலை நான் முந்திரி போட்டுக் கேசரி கிளறினேன். நல்ல காரியத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போவதா? எவர்சில்வர் டப்பாவில் அடைத்து எடுத்துக்கொண்டேன். என்னைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் அவளும் அழைத்துப் போனாள்.

உணவக முதலாளி நாரங், பஞ்சாபி, ஐம்பது வயதிருக்கும். மேஜையில் அவர், அவருடைய சமையல்காரர், நாங்கள் இருவர். கோகிலா முதல் பாட்டிலைத் திறக்க உள்ளே போனாள். மீன் இன்னும் வரவில்லை. நான் டப்பாவைத் திறந்து நான்கு தட்டிலும் ஒவ்வொரு கரண்டி கேசரி வைத்தேன்.

“வாஹ் அங்கிள்ஜி, சூஜி கா ஹல்வா! எங்க ரவை அல்வாவேதான்!” என்று நாரங் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

கோகிலா வந்து ஒயினை ஊற்றினாள். ஒரு மடக்கு குடித்ததும் அவர் முகம் கோணிப்போயிற்று. “யே தோ நிம்பூ ஹை, கோகிலாஜி. வெறும் எலுமிச்சைச் சாறு!”

அவள் பாட்டிலைப் பார்த்தாள், காலித் தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“அப்பா, டப்பாவ மூடுங்க” என்றாள் தமிழில், மெதுவாக. உடனே, “இல்ல, கொஞ்சம் இருங்க” என்று உள்ளே ஓடினாள். மூன்றாவது பாட்டிலோடு வந்து, அவர் தட்டில் இன்னொரு கரண்டி கேசரியை அவளே வைத்து, இனிப்பு ஒயினை ஊற்றினாள். நாரங் குடித்தார். முகம் விரிந்தது. இறால் வறுவலோடும் அது பிடித்தது. பச்சைக் குழம்போடு இரண்டாவதும் பிடித்தது. முதலாவதை மட்டும் அவர் மறுபடி தொடவில்லை. மீன் ஆறிப்போய்க் கிடந்தது. மூன்றில் இரண்டுதான் தேறின.

திரும்பும்போது மெட்ரோ. ஜனக்புரி மேற்கில் வண்டி மாறியதும் அவள் ஆரம்பித்தாள்.

“இனிப்பு தின்ன நாக்குல அந்த ஒயின் புளிக்கத்தான் செய்யும். வரிசைய மூணு தடவ சொன்னேன்லப்பா?”

“பாட்டிலுக்குத்தானே சொன்னே. சாப்பாட்டு வரிசை எனக்குத் தெரியாதா? இனிப்புலதானே ஆரம்பிப்போம்?”

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். “வர்ற வெள்ளிக்கிழமை மீனையும் அந்த முதல் பாட்டிலையும் மட்டும் வச்சு இன்னொரு சான்ஸ் கேட்டிருக்கேன். நீங்க வர வேணாம்.”

அந்த வெள்ளிக்கிழமைதான் நான் ஊர் திரும்பிய நாள். அதே ஐந்து உருப்படிகள், டப்பா காலி. ரயில் ஜான்சியைத் தாண்டும்போது போன் வந்தது.

“எடுத்துக்கிட்டாருப்பா! மூணும் மெனுவுல வருது. நிம்பூன்னு சொன்ன அதே ஆளு ரெண்டு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிச்சாரு.”

“கேசரியப் பத்தி ஏதாவது கேட்டாரா?”

“அப்பா!”

ஊர் வந்த மறுநாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். என் மனைவி வழக்கம்போல முதலில் இலையின் ஓரத்தில் பாயசம் விட்டாள். அதை ஒரு வாய் ருசித்துவிட்டு, சோதித்துப் பார்ப்போம் என்று ஒரு கை ரசம் குடித்தேன். ஒரே புளிப்பு, நாக்கு சுருங்கிற்று. தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி குடித்தேன். அருமையான ரசம். பாயசம் பக்கமே போகாமல் சாப்பிடத் தொடங்கினேன்.

“ஏன், சக்கர ஏறிருச்சா? டெல்லியில டாக்டர் எதும் சொன்னாரா?” என்றாள்.

“கோகிலா சொன்னா” என்றேன்.