உள்ளங்கைக்குக் கீழே ஒரு கணக்கு

வேலூரில் நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தபோது, ஆம்பூரில் தோல் அளக்கும் பாய் ஒருவர் வந்தார். தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் கறை ஏறிய விரல்கள். கோணல்மாணலான தோலின் பரப்பை மூன்றே அளவில் சொல்லிவிடும் சூத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். அந்தக் காகிதத்தை மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் மூடியபடியே பேசினார்.

"இதுக்கு பேட்டண்ட் கெடைக்குமா?"

"வெறும் கணக்குக்குக் கெடைக்காது பாய். அதை வச்சு மெஷின் செஞ்சா கேக்கலாம்."

"மெஷினுக்கு எங்க போவேன்? அப்போ, பாத்தவன் எவன் வேணா போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம்."

அவர் கை காகிதத்தை இன்னும் அழுத்தியது. "நீங்க பாத்தீங்களா?"

"இல்ல பாய்."

மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் விரலிடுக்கு வழியே முழுவதையும் படித்திருந்தேன். இன்றும் எங்காவது தோல் காயப்போட்டிருப்பதைக் கண்டால் மனம் தானாகவே மூன்று அளவு எடுக்கிறது. உடனே, அவர் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்க்கிறேன்.