வாழைப்பழச் சைவம்

கார் விற்பனை படுத்துவிட்டது என்று டிவியில் சொன்னபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நாம் என்ன காரா வாங்கப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். அந்தக் காரின் பிரேக்குக்குள் போகும் ஒரு சின்ன இரும்பு வளையத்தை அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் லேத்தில் கடைந்துகொண்டிருந்தவனே நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. முதலில் ஓவர்டைம் போனது. பிறகு நைட் ஷிப்ட் போனது. கடைசியில் சூப்பர்வைசர் எங்களை நிற்க வைத்து, கம்பெனி கூப்பிடும்போது வாருங்கள் என்றார். எங்கள் தெரு டீக்கடைக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "காரு வாங்கறவன் கைய மூடிகினான், நம்ம ஆளுங்க வாய மூடிகினானுங்க" என்றார். அழுவதற்கு வந்த நான் அங்கேயே சிரித்துவிட்டேன்.

மேனாம்பேட்டில் ஒற்றை அறை வீடு எங்களுக்கு. மனைவி அபார்ட்மென்டில் இரண்டு வீடுகளுக்கு வேலைக்குப் போனாள். வீட்டுச் சமையல் என் கைக்கு வந்தது. என் சாம்பாரைக் கரண்டியால் தூக்கிப் பார்த்து, "இன்னாய்யா இது, சாம்பாரா, சாம்பார் போட்டோவா" என்றாள். பருப்பு குறைந்ததைத்தான் அப்படிச் சொன்னாள். அவள் வாயில் வந்தால் பஞ்சமும் கொஞ்சம் தமாஷாகத்தான் வரும்.

மூன்றாவது படித்துக்கொண்டிருந்த மகளை மெட்ரிக் பள்ளியிலிருந்து பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்கு மாற்றினோம். பழைய பள்ளியின் டையை மட்டும் கழற்ற மாட்டேன் என்றாள். முதல் நாள் அதோடுதான் போனாள். வகுப்பில் ஒரு பையன், "இன்னா, நீதான் ஹெட்மாஸ்டரா" என்று கேட்டிருக்கிறான். மறுநாள் டை பீரோவுக்குள் போய்விட்டது. ஆனால் டீச்சரை ‘மிஸ்’ என்பதை மட்டும் விடவில்லை.

அவளுக்காவது மதியம் பள்ளியில் சோறு கிடைத்தது. சின்னவன்தான் பிரச்சினை. மூன்று வயது. சோற்றைப் பார்த்தால் போலீசைப் பார்த்தவன் மாதிரி ஓடுவான். அவன் வயிற்றுக்குள் ஒழுங்காகப் போகிற ஒரே பொருள் வாழைப்பழம். அதை வாங்குவதைத்தான் நாங்கள் நிறுத்தியிருந்தோம். தெருவில் பழத்தார் தொங்கும் பெட்டிக்கடை வந்தால், அவனைத் தோளில் திருப்பிப் போட்டுக்கொண்டு, "அதோ பார்டா ஏரோப்ளேன்" என்பேன். கொஞ்ச நாளில் விவரமாகிவிட்டான். நான் ஏரோப்ளேன் என்றாலே பெட்டிக்கடை எந்தப் பக்கம் என்று தேட ஆரம்பித்தான். கை மெலிந்து, கண் மட்டும் பெரிதாக, பார்க்கவே பகீர் என்றிருந்தது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் மகள் பையைத் திறந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள். கொஞ்சம் நசுங்கியிருந்தது. சின்னவன் தோலைக்கூட முழுசாக உரிக்க விடவில்லை. பள்ளியில் கொடுத்தார்கள் என்றாள். மறுநாளும் ஒன்று வந்தது. அதற்கு மறுநாளும். பையன் கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது. நான் டீக்கடையில் உட்கார்ந்து, கவர்மென்ட் என்றால் இப்படி இருக்க வேண்டும், பிள்ளைக்குச் சோறும் போட்டு வீட்டுக்குப் பழமும் கொடுத்தனுப்புகிறார்கள் என்று அளந்தேன். டீக்கடைக்காரர் டீயை ஆற்றுவதையே நிறுத்திவிட்டார். சத்துணவில் முட்டைதானே கொடுப்பார்கள், முட்டை சாப்பிடாத சைவப் பிள்ளைகளுக்குத்தானே வாழைப்பழம் என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீ எப்ப அண்ணாத்தே சைவமான" என்றார்.

என் மகளுக்கு முட்டை என்றால் உயிர். வீட்டுக்கு வந்து கேட்டேன். முதலில் நகத்தைக் கடித்தாள். பிறகு சொன்னாள்.

"முட்டைன்னா அங்கியே துன்னணும் நைனா. வாயப்பயம்னா பையில வெச்சிக்கலாம்."

வகுப்பில் முட்டை சாப்பிடாத பையன் ஒருவன் இருந்தானாம். அவன் பழத்தைப் பையில் போடுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த நாளே சமையல் ஆயாவிடம், எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம் என்று சொல்லிவிட்டாள். மனைவி அன்று ராத்திரி என் போட்டோ சாம்பாரைக்கூடக் குறை சொல்லவில்லை. டீச்சரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றாள். சொன்னால் பழம் நின்றுவிடும் என்றாள் மகள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பையன் கன்னத்தைப் பார்த்தேன். ஆக, எங்கள் குடும்பம் சைவமானது.

இது தெரியாத வகுப்பு டீச்சருக்கு ஒரே சந்தோஷம். அவர் கும்பகோணம் பக்கத்துக்காரர், வெங்காயத்துக்கே யோசிக்கிற சைவம். என் மகளைத் தன் சொந்தக்காரி மாதிரி நடத்தினார். வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளைச் சேர்க்க டீச்சர்கள் வீடு வீடாக வருவார்கள். அப்படி அவர் எங்கள் தெருவுக்கு வந்த நாள் பார்த்துத்தான் நான் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தேன். கையில் காசு இல்லாத வீட்டுக்குக் கருவாடுதான் தெய்வம். ஒரு பிடி போட்டால் இரண்டு வேளைச் சோறு தானாக இறங்கும். ஆனால் அது அடுப்பில் ஏறினால் தெருவுக்கே தெரியும்.

மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "நைனா, மிஸ் வந்துகினு கீறாங்க. மூணாவது ஊட்டுல கீறாங்க."

கொதிக்கிற சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினேன். கொஞ்ச நேரம் உங்கள் அடுப்பில் வையுங்கள், அப்புறம் சொல்கிறேன் என்று திணித்துவிட்டு வந்தேன். மகள் ஜன்னலைத் திறந்து ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். நான் சாம்பிராணியைக் கொளுத்தி மூலை மூலையாகக் காட்டினேன். போதாதென்று நெற்றி நிறைய விபூதி. அவசரத்தில் கை, மார்பு எல்லாம் பூசிக்கொண்டேன். சின்னவனுக்கும் பூசியதில் அவனுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. கருவாட்டு வாசனை போகவில்லை. சாம்பிராணியோடு சேர்ந்துகொண்டது. கோயிலுக்குள் மீன் மார்க்கெட் நுழைந்த மாதிரி ஒரு வாசனை.

டீச்சர் வாசலில் நின்று மூக்கைச் சுளித்து, பிறகு என் விபூதியைப் பார்த்துக் கும்பிட்டார். பூஜையா என்று கேட்டார். எங்கள் வீட்டில் தினமும் பூஜைதான் என்றேன். அதற்குள் தெருப்பூனை ஒன்று நேராக உள்ளே வந்து, காலி அடுப்புக்கு முன்னால் பயபக்தியோடு உட்கார்ந்தது. அதுவும் பூஜைக்குத்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். டீச்சர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வகுப்பில் சைவம் மூன்றே பேர், தான், முட்டை சாப்பிடாத அந்தப் பையன், என் மகள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா சட்டியோடு வந்தார்.

"இந்தா தம்பி, கொதிச்சிடுச்சி, எறக்கிட்டேன். கருவாட்டக் கம்மியா போட்டுகினு புளிய அள்ளிக் கொட்டிகீற."

பூனை எழுந்து நின்றது. வேறு யாரும் அசையவில்லை. விபூதியோடு நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் ஃபேனைப் பார்த்தேன். அக்கா எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, சட்டியைக் கீழே வைக்காமல் அப்படியே பின்னால் நடந்து வெளியே போய்விட்டார்.

மகள்தான் முன்னால் வந்தாள். "நான்தான் மிஸ் பொய் சொன்னேன். தம்பி சோறு துன்ன மாட்டான், வாயப்பயம்தான் துன்னுவான். பயத்த நிறுத்திடாதீங்க மிஸ். முட்ட எனக்கு நெஜமாவே வேணாம்."

டீச்சர் சின்னவனைப் பக்கத்தில் இழுத்தார். பையனின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். அவன் அவர் முகத்திலேயே தும்மினான். முந்தானையால் துடைத்துக்கொண்டு, "முட்டை பிடிக்குமாடி உனக்கு" என்றார். இல்லை என்று தலையை ஆட்டினாள் மகள். ஆனால் எச்சில் விழுங்கியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

இரண்டையும் கொடுக்கத் தன்னால் முடியாது, ஒரு பிள்ளைக்கு ஒன்றுதான் என்றார் டீச்சர். அப்படியானால் பழம் என்றாள் மகள், கடைக்காரனிடம் பேரம் பேசுகிற மாதிரி. டீச்சர் என் பக்கம் திரும்பினார். பள்ளி காம்பவுண்டுக்குள்ளேயே அங்கன்வாடி இருக்கும்போது இவனை ஏன் வீட்டில் வைத்திருக்கிறீர்கள் என்றார். கம்பெனி கூப்பிட்டதும் எல்.கே.ஜி.யில் சேர்க்கலாம், ஷூ எல்லாம் போட்டு, என்று இழுத்தேன்.

"கம்பெனி மெதுவா கூப்பிடட்டுங்க. இவன நாளைக்கே கூட்டிட்டு வாங்க. சோறு திங்கலன்னா நாங்க பாத்துக்கறோம். இவ முட்டை சாப்பிடட்டும்."

எழுந்து போகும்போது வாசலில் நின்று, குழம்பு ஆறிவிடும், போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாள் சின்னவனை அங்கன்வாடியில் விட்டபோது தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். நான் வாசலிலேயே நின்றேன். மதியம் உட்கார வைத்துத் தட்டு போட்டார்கள். அன்று அவர்களுக்கும் முட்டை நாள். சோற்றைத் தள்ளிவிட்டு முட்டையைக் கையில் எடுத்தான். பந்து என்று நினைத்து உருட்டிவிட்டான். அது பக்கத்துப் பெண் குழந்தையின் தட்டுக்குள் போய் நின்றது. அந்தக் குழந்தை வாயைத் திறந்ததுமே இவன் பாய்ந்து பிடுங்கி, பயத்தில் பாதியைக் கடித்துவிட்டான். பிறகு மெதுவாக மென்றான். பிறகு மீதியையும் போட்டுக்கொண்டான்.

ஜன்னல் கம்பிக்கு வெளியே என் மகள் நின்றிருந்தாள். அவள் தட்டோடு அங்கேயே வந்துவிட்டாள் போலிருக்கிறது. ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

சின்னவன் காலிக் கையை ஆயாவிடம் நீட்டினான். ஒன்றுதான் என்றார் ஆயா. அவன் ஜன்னலைக் காட்டி, மெலிந்த குரலில், "அக்காக்கு" என்றான். ஆயாவின் முகம் இளகிவிட்டது.

"பொய் சொல்றான் ஆயா" என்றாள் மகள், வாய் நிறைய முட்டையோடு.